வன்முறையிலிருந்து தப்பி வந்து தஞ்சம் கேட்கும் பெண்களுக்கான மருத்துவ மதிப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். தஞ்சம் கேட்டு வந்த பெண்ணுக்கும் அவரைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கும் நடுவே உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசுவது என் வேலை. உள்ளே கூப்பிடும் வரை வெளியே காத்திருக்கும்போது, "அக்கா, இவை என்னத்தைக் கேட்பினம்?" என்று மெதுவாகத் தொடங்குவார்கள். அந்த இடத்தில் நான் பதில் சொல்லக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் ஆலோசனை சொன்னால் என் வேலையும் போகும், அந்தப் பெண்ணின் வழக்கும் கெடும். "உள்ளே டொக்டரிட்டயே கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். அப்படி வாய்க்குள் வைத்துக்கொண்ட பதில்கள்தான் இவை.

நான் மருத்துவரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. உங்கள் வழக்கில் உங்கள் சட்டத்தரணி சொல்வதையே கேளுங்கள். இங்கே எழுதியிருப்பது பிரித்தானிய நடைமுறை, அதிலும் பெரும்பாலும் இங்கிலாந்தில் உள்ளது.

ஜீபியிடம்தான் எல்லாம் சொல்லிவிட்டேனே, இன்னொரு டொக்டர் எதற்கு?

ஜீபி என்றால் குடும்ப மருத்துவர், உங்களைக் குணப்படுத்தப் பார்க்கிறவர். பத்து நிமிடத்தில் எங்கே நோகிறது, எத்தனை நாளாக நோகிறது என்று கேட்டு மருந்து எழுதுவார். அந்த நோவு எப்படி வந்தது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். மருத்துவ-சட்ட அறிக்கை எழுதுகிறவருக்கு அதுதான் முதல் கேள்வி. உடம்பில் உள்ள தழும்புகள், மனத்தில் உள்ள பாதிப்பு, நீங்கள் சொல்லும் சம்பவம், இந்த மூன்றும் எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்று பார்த்து, தஞ்சம் தருவதா என்று முடிவெடுக்கும் ஹோம் ஒஃபிஸும் (உள்துறை அமைச்சு), மேன்முறையீட்டைக் கேட்கும் தீர்ப்பாயமும் படிப்பதற்காக அவர் எழுதுகிறார்.

அதற்காக ஜீபியின் குறிப்பை லேசாக எடுக்க வேண்டாம். வழக்கில் அதுவும் வந்து நிற்கும். ஜீபியிடம் "படியில் விழுந்தேன்" என்று சொல்லியிருந்து, பிறகு அறிக்கையில் "கணவர் தள்ளினார்" என்று வந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்பார்கள். அன்று கணவர் கூடவே நின்றார், அதனால் அப்படிச் சொன்னேன் என்றால், அந்தக் காரணத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் அதை எழுதுவார்.

அறிக்கை கிடைத்தால் கேஸ் வென்ற மாதிரியா?

இல்லை. இதைத்தான் எல்லோரும் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மருத்துவர் உங்கள் கதை உண்மையா பொய்யா என்று தீர்ப்பு எழுதுவதில்லை. அது நீதிபதியின் வேலை. மருத்துவர் சொல்லக்கூடியது, கண்ணால் கண்டது நீங்கள் சொன்னதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத்தான். அதற்கு அவர்கள் பின்பற்றும் வழிகாட்டியின் பெயர் இஸ்தான்புல் நெறிமுறை. சித்திரவதையை எப்படி ஆராய்ந்து பதிவு செய்வது என்று 15 நாடுகளைச் சேர்ந்த 75க்கும் மேற்பட்ட நிபுணர்கள் சேர்ந்து எழுதி, 1999 ஒகஸ்டில் ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளரிடம் கொடுத்தது அது. கடைசியாக 2022இல் திருத்தினார்கள்.

அதில் ஐந்து படிகள் இருக்கின்றன. ஒரு தழும்பு நீங்கள் சொல்லும் காரணத்தோடு பொருந்தவில்லை என்பது முதல் படி. பொருந்துகிறது, ஆனால் வேறு பல காரணங்களாலும் வந்திருக்கலாம் என்பது இரண்டாவது. மிகவும் பொருந்துகிறது, வேறு காரணங்கள் சிலவே என்பது மூன்றாவது. இந்த வகைக் காயத்தில் வழக்கமாகக் காணும் தோற்றம் இது என்பது நான்காவது. இதைத் தவிர வேறு எதனாலும் வந்திருக்க முடியாது என்பது ஐந்தாவது. ஐந்தாம் படி அபூர்வம். அறிக்கையில் "பொருந்துகிறது" என்று மட்டும் கண்டுவிட்டு மனம் உடைந்துபோகும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். முழங்காலில் உள்ள ஒரு தழும்புக்கு அதற்கு மேல் எந்த மருத்துவரும் எழுத முடியாது. ஒவ்வொரு காயத்தையும் தனித்தனியாகப் பார்த்த பிறகு, உடம்பையும் மனத்தையும் ஒன்றாக வைத்து மொத்தமாக ஒரு கருத்தும் எழுதுவார்கள். படிக்க வேண்டிய பகுதி அதுதான்.

நம் ஆட்கள் சம்பந்தப்பட்ட ஒரு முக்கியமான தீர்ப்பு இதில் இருக்கிறது. இலங்கைத் தமிழர் ஒருவர், சூடாக்கிய உலோகக் கம்பியால் சுட்ட தழும்புகளோடு வந்தார். தஞ்சம் கிடைப்பதற்காக அவரே வேறொருவரைக் கொண்டு சூடு வைத்திருக்கலாம் என்று சொல்லித் தீர்ப்பாயம் அவரை நம்பவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 மார்ச்சில் அது கேவி வழக்கு என்ற பெயரில் முடிந்தது. தழும்பு எப்படி வந்தது என்பதோடு நிற்காமல், எந்தச் சூழ்நிலையில் வந்ததாகச் சொல்கிறாரோ அதோடு பொருந்துகிறதா என்றும் மருத்துவர் கருத்துச் சொல்லலாம் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். வேண்டுமென்றே இன்னொருவரைக் கொண்டு தனக்குச் சூடு வைத்துக்கொள்வது மிகமிக அரிதாகவே நடக்கும் என்றும் எழுதினார்கள். அவர் ஆண், ஆனாலும் பெண்களின் அறிக்கைக்கும் அதே சட்டம்தான்.

இன்னொன்றும் உண்டு. 2005இல் மிபாங்கா என்ற வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம், முதலில் "இவரை நம்பவில்லை" என்று முடிவெடுத்துவிட்டு அதன் பிறகு மருத்துவ அறிக்கையைத் தூக்கி ஓரமாக வைக்கக் கூடாது, மற்றச் சான்றுகளோடு சேர்த்தே அதையும் எடைபோட வேண்டும் என்று சொன்னது. கேள்விப்படக் கூடத் தேவையில்லாத சட்ட நுணுக்கம் போலத் தோன்றும். நிராகரிப்புக் கடிதத்தில் இந்தப் பிழை நடந்திருக்கிறதா என்று உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டுப் பாருங்கள்.

யார் எழுதுவார்கள்? காசு யார் கொடுப்பது?

இதில் அனுபவப்பட்ட இரண்டு தொண்டு அமைப்புகளை எல்லோரும் சொல்வார்கள்: 1985இல் ஹெலன் பாம்பர் தொடங்கிய, இப்போது ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர் என்று அழைக்கப்படும் அமைப்பு, பிறகு 2005இல் அவர் பெயரிலேயே தொடங்கிய ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷன். இரண்டிலும் இடம் கிடைப்பது கடினம். இவை தவிரத் தனியாக எழுதும் மருத்துவர்களும் மனநல நிபுணர்களும் இருக்கிறார்கள். அரசுப் பணத்தில் சட்ட உதவி பெறுகிறவர் என்றால், அதன் அனுமதியோடு செலவை அதிலிருந்தே கொடுக்க வழியுண்டு. சட்டத்தரணி வழியாகத்தான் எல்லாம் நடக்க வேண்டும். நீங்களே தேடிப்போய்க் கைக்காசு கொடுத்து யாரோ ஒருவரிடம் கடிதம் வாங்காதீர்கள். அரைப் பக்கத்தில், "இவர் சித்திரவதைக்கு உள்ளானவர் என உறுதிப்படுத்துகிறேன்" என்று முடியும் கடிதம் உதவாது. சில நேரம் கெடுதலும் செய்யும்.

உள்ளே என்ன நடக்கும்?

பெரும்பாலும் ஒரே நாளில் முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போகலாம். முதலில் உங்கள் சம்மதம் கேட்பார்கள். எந்தக் கேள்விக்கும் பதில் வேண்டாம் என்று சொல்லலாம், எழுந்து வெளியே போய் வரலாம். பெண் மருத்துவரும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. அதைச் சட்டத்தரணியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அங்கே போய்ச் சொன்னால் அன்றைய நாள் வீண்.

உடம்பைப் பார்க்கும் நேரத்தில் மருத்துவரின் கையில் ஒரு தாள் இருக்கும். அதில் மனித உடம்பின் கோட்டுப்படம், முன்பக்கமும் பின்பக்கமும். தழும்பு ஒவ்வொன்றையும் அளவுகோலால் அளந்து, நிறம், விளிம்பு, மேடா பள்ளமா என்று பார்த்து, எண் போட்டு அந்தப் படத்தில் குறிப்பார். சிகரெட்டால் சுட்டது என்றால் 5 முதல் 10 மில்லிமீட்டர் அளவில் வட்டமாக, விளிம்பு கறுத்து இருக்கும். கம்பிச் சூடு வேறு மாதிரி, வயரால் அடித்தது வேறு மாதிரி. முழுதும் உடுப்பைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். ஒரு கையைப் பார்த்து அதை மூடிய பிறகு அடுத்தது. இந்த நேரத்தில் நான் திரைக்கு இந்தப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன், குரல் மட்டும்தான் உள்ளே போகும்.

பெண்கள் தடுமாறுவது இங்கேதான். மருத்துவர் எல்லாத் தழும்பையும் கேட்பார், சம்பவத்தில் வந்ததை மட்டுமல்ல. மேற்கையில் சின்ன வயதில் போட்ட தடுப்பூசி அடையாளம், சைக்கிளில் விழுந்தது, தாச்சியில் எண்ணெய் தெறித்தது, எல்லாம் வரும். ஒரு பெண், ஆளை அடையாளம் காண முடியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன், முன்னங்கையில் இருந்த புள்ளிகளைக் காட்டி, "இது பூரி பொரிக்கேக்க பட்டது, இதையும் எழுதப் போறாவோ?" என்று பயந்து கேட்டார். எழுதினார்கள். அவர் சித்திரவதையில் வந்தது என்று காட்டிய மற்ற நான்கு தழும்புக்கும் அதனால் எடை கூடியது. உடம்பில் உள்ள எல்லாவற்றையும் சித்திரவதை செய்தவர்கள் தலையில் போடுகிறவர் இல்லை என்று அந்த வரி காட்டிவிட்டதே.

என் உடம்பில் ஒரு அடையாளமும் இல்லையே?

இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கையால் அடித்த கன்றல் சில வாரங்களில் மறைந்துவிடும். தண்ணீரில் தலையை அமுக்கினால், பெற்றோல் ஊற்றிய பொலித்தீன் பையால் முகத்தை மூடினால் தோலில் என்ன தெரியப்போகிறது? தடயம் மிஞ்சக் கூடாது என்று தெரிந்தே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பில் அடையாளம் இல்லை என்பதற்காக ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவுக்கு வரக் கூடாது என இஸ்தான்புல் நெறிமுறையே சொல்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு மனநல மதிப்பீடுதான் அறிக்கையின் முதுகெலும்பு.

கீழ் உடம்பையும் பரிசோதிப்பார்களா?

இந்தக் கேள்வியை யாரும் முழுதாகக் கேட்பதில்லை. பாதியில் நிறுத்திவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள்.

பதில்: வழக்கமாக இல்லை. பாலியல் வன்முறை நடந்து மாதங்களோ ஆண்டுகளோ ஆன பிறகு அங்கே பார்த்துத் தெரிந்துகொள்ள அனேகமாக ஒன்றும் இருக்காது. அந்த இடம் விரைவில் ஆறிவிடும், பலருக்குக் காயமே ஏற்படுவதும் இல்லை. மாதிரி எடுத்துச் சோதிப்பதெல்லாம் நடந்து ஏழு நாளுக்குள் செய்வது. இங்கே வந்த பிறகு அண்மையில் நடந்தது என்றால் பாலியல் தாக்குதலுக்கான பரிந்துரை மையங்கள் இருக்கின்றன, பொலிசுக்குப் போகாமலேயே அங்கே போகலாம். இப்போதும் வலி, இரத்தப்போக்கு, சிறுநீர்ப் பிரச்சினை இருக்கிறது என்றாலோ பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு உள்ளானவர் என்றாலோ, அதற்கான சிறப்பு மருத்துவரிடம் அனுப்பலாம், அதுவும் நீங்கள் சம்மதித்தால்.

"கன்னித்திரை" கதைக்கு வருவோம். அதைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. கன்னித்தன்மைச் சோதனைக்கு அறிவியல் ஆதாரமே இல்லை, அதை நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் மற்ற இரு அமைப்புகளும் 2018இல் கூட்டாகச் சொல்லின. இந்தியாவில் "இரு விரல் சோதனை" பெண்ணின் உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது, 2022இல் மறுபடி கண்டிக்க வேண்டி வந்தது. பிரித்தானியாவில் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னித்தன்மைச் சோதனை குற்றம்.

ஆனால் பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இதே நாட்டில், 1979 ஜனவரியில், திருமணம் செய்ய வந்திறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரை ஹீத்ரோ விமான நிலையத்தில் நம்பாமல், பிள்ளை பெற்றவரா, "கன்னியா" என்று பார்க்க ஒரு மருத்துவரைக் கொண்டு பரிசோதித்தார்கள். செய்தி பத்திரிகையில் வந்து பெரிய சர்ச்சையான பிறகுதான் அந்தப் பழக்கம் நின்றது. குறைந்தது 80 பெண்களுக்கு இது நடந்தது என்று அரசு ஆவணங்களைத் தோண்டிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டார்கள். குடிவரவு அதிகாரிக்காக மருத்துவர் கையுறை போட்ட வரலாறு அது. இப்போது நீங்கள் பார்க்கப் போகும் மருத்துவர் அதிகாரிக்காக அல்ல, உங்கள் சட்டத்தரணி கேட்டதற்காக வருகிறார், நீங்கள் "வேண்டாம்" என்றால் அதோடு முடிந்தது.

நடந்ததை வாயால் சொல்ல வரவில்லை. எப்படிச் சொல்வது?

இது என் தொழில் சம்பந்தப்பட்டது, அதனால் நீளமாகப் போகும்.

நம் மொழியில் இந்த விஷயத்தை நேரே சொல்ல நமக்குப் பழக்கம் இல்லை. "பிழையா நடந்தவங்கள்" என்போம். "ஒரு மாதிரி நடந்தவங்கள்", "கரைச்சல் தந்தவங்கள்", "என்னைக் கெடுத்துட்டாங்க" என்போம். தமிழ் காதுக்கு அது போதும், கேட்டவர் தலையைக் குனிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அது அப்படியே போனால், "அவர்கள் மரியாதையில்லாமல் நடந்துகொண்டார்கள்" என்று பதிவாகும். ஒருமுறை ஒரு பெண்ணின் பழைய ஹோம் ஒஃபிஸ் பேட்டிப் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தடுப்புக்காவலில் இருந்த மூன்று நாட்களைப் பற்றிய பகுதியில் அந்த மாதிரி ஒரே ஒரு வரிதான் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். "நான் சொன்னனானே" என்றார். அவர் சொல்லித்தான் இருந்தார். அந்தச் சொல்லின் பொருள் நாற்காலிகளுக்கு நடுவே எங்கோ விழுந்துவிட்டது.

அதனால் மருத்துவர் திரும்பத் திரும்ப, "பிழையாக என்றால் என்ன? எங்கே தொட்டார்கள்?" என்று கேட்டால், அது உங்களை அவமானப்படுத்த அல்ல. மொழிபெயர்ப்பாளர் தானாகவே ஊகித்து, "இவர் வன்புணர்வைத்தான் சொல்கிறார்" என்று சேர்த்துச் சொல்லவும் முடியாது. "இந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு, தெளிவுபடுத்திக் கேளுங்கள்" என்று மருத்துவரிடம் சொல்லலாம், அவ்வளவுதான். முழு வாக்கியமாகச் சொல்ல வராவிட்டால் ஒரு சொல் போதும். மருத்துவர் கேட்பதற்கு ஆம், இல்லை என்று தலையாட்டலாம், எழுதிக் காட்டலாம், உடம்புப் படத்தில் விரலை வைக்கலாம். இதெல்லாம் அந்த அறையில் ஏற்றுக்கொள்ளப்படும்.

உறவுமுறையும் ஆளைக் கவிழ்க்கும். "மாமா அடிச்சவர்" என்றால் அது மாமனாரா, அம்மாவின் சகோதரரா, பக்கத்து வீட்டு மனிதரா? "அத்தான்" என்றால் கணவரா, அக்காவின் கணவரா? குடும்ப வன்முறை வழக்கில் இந்த ஒரு சொல் மாறினால் கதையே மாறிவிடும். முதல் தடவை சொல்லும்போதே ஆளின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் "யோசனை". "ஒரே யோசனை, நித்திரை வாறேல்லை" என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் சொன்னால், நினைவுகள் விடாமல் வந்து தின்கின்றன என்று பொருள். "அவர் சிந்தித்துக்கொண்டிருக்கிறார்" என்று மொழிபெயர்த்தால் மருத்துவருக்கு அது நோயாகவே தெரியாது. தலையிடி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் எரிவது, இவற்றையும் "இது வேற, கேஸுக்குச் சம்பந்தமில்லை" என்று விட்டுவிடாதீர்கள். நம்மில் பலருக்கு மனநோவு உடம்பு வழியாகத்தான் வெளியே வருகிறது.

மொழிபெயர்ப்பாளரின் பேச்சு உங்களுக்குப் புரியவில்லை என்றாலோ, அவர் உங்கள் ஊர்க்காரராக, தெரிந்த குடும்பமாக இருந்தாலோ, அந்த இடத்திலேயே சொல்லுங்கள். நாங்கள் கோபிக்க மாட்டோம். கோபிக்கிற ஒருவர் வந்திருந்தால் அவரை மாற்ற அது இன்னொரு காரணம்.

முதல் பேட்டியில் இதைச் சொல்லவே இல்லை. இப்போது சொன்னால் பொய் என்பார்களே?

சொல்வார்கள், சொல்லியும் இருக்கிறார்கள். ஆனாலும் சொல்லுங்கள்.

நினைவு என்பது ஒழுங்காகச் சுற்றி வைத்த நூல்கண்டு இல்லை. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஒரு ஆய்வு வந்தது. கொசோவோ, பொஸ்னியா அகதிகளிடம் அதே சம்பவத்தை இரண்டு தடவை கேட்டார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே இங்கே தங்க அனுமதி கிடைத்திருந்தது, பொய் சொல்லத் தேவையே இல்லை. அப்படியிருந்தும் இரண்டு தடவை சொன்னதற்கும் நடுவே எல்லோரிடமும் வித்தியாசம் இருந்தது. மனக்காயம் அதிகமாக இருந்தவர்களிடம், இரண்டு பேட்டிக்கும் இடைவெளி கூடக்கூட முரண்பாடும் கூடியது. 2007இல் வந்த இன்னொரு ஆய்வில், பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு ஹோம் ஒஃபிஸ் பேட்டியில் வாய் திறப்பது மற்றவர்களை விடக் கடினமாக இருந்தது தெரிந்தது. வெட்கம் ஒரு பக்கம். பேசிக்கொண்டிருக்கும்போதே மனம் அந்த இடத்தை விட்டு எங்கோ போய்விடுவது இன்னொரு பக்கம். இதைப் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்கப்படும், அந்தப் பெண்ணின் கண் என் தோளுக்குப் பின்னால் உள்ள சுவரில் நிற்கும், இரண்டு நிமிடம் எதுவும் வராது. பேட்டிப் பதிவில் அது "பதில் இல்லை" என்று இருக்கும். நல்ல மருத்துவர், "இந்த இடத்தில் இப்படி ஆனது" என்று எழுதுவார்.

ஏன் முன்பு சொல்லவில்லை என்பதற்கு உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள்: ஆண் மொழிபெயர்ப்பாளர் இருந்தார், மடியில் பிள்ளை இருந்தது, கணவருக்கு இன்றுவரை தெரியாது. உண்மைக் காரணம் எதுவோ அது. நினைவில்லாத திகதியை ஊகித்துச் சொல்லாதீர்கள். "மழைக்காலம், பிள்ளைக்கு அப்போது பல் முளைக்கவில்லை" என்பது, இல்லாத ஒரு திகதியைவிட ஆயிரம் மடங்கு மேல்.

மனநோய் என்று எழுதினால் பைத்தியம் என்று பிள்ளையைப் பறித்துவிடுவார்களா?

மாட்டார்கள். பிடிஎஸ்டி (கொடுமைக்குப் பிறகு நீடிக்கும் மனக்காயம்), மனச்சோர்வு என்று எழுதுவது பைத்தியம் என்று சொல்வதாகாது. அது இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை எடுப்பதும் இல்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இப்போதே அப்படி இருந்தால் அவசர இலக்கமான 999, அல்லது சுகாதார உதவி இலக்கமான 111ஐ அழைத்து 2ஆம் இலக்கத்தை அமுக்குங்கள். "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

அடித்தது புருஷன், ஆமிக்காரன் இல்லை. எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் பெண் என்ற சொல்லே தனிக் காரணமாக இல்லை, உண்மைதான். ஆனால் 1999இல் ஷா, இஸ்லாம் என்ற இரண்டு பாகிஸ்தானியப் பெண்களின் வழக்கில், கணவரின் கொடுமைக்கு ஆளாகி, அரசும் பாதுகாக்காத நிலையில், அவர்கள் "குறிப்பிட்ட சமூகக் குழு" என்ற பிரிவுக்குள் வருவார்கள் என்று அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 2006இல் சியரா லியோன் பெண் ஒருவரின் பெண்ணுறுப்புச் சிதைப்பு வழக்கிலும் அப்படியே. இப்படிப்பட்ட வழக்கில் மருத்துவர் தழும்போடு சேர்த்துப் பல ஆண்டுகள் அடிபட்டு வாழ்ந்ததன் பாதிப்பையும் எழுதுவார். அரசு பாதுகாக்குமா என்பது மருத்துவரின் வேலை இல்லை, அதற்கு வேறு சான்று வேண்டும்.

தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள். அங்கே?

அங்கே விதிகள் வேறு. தடுப்பு முகாம் விதிகளில் ரூல் 34இன்படி உள்ளே போன 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் ஒருவர் உங்களைப் பரிசோதிக்க வேண்டும். ரூல் 35இன்படி, நீங்கள் சித்திரவதைக்கு ஆளானவராக இருக்கலாம் என்று மருத்துவருக்குத் தோன்றினால் அவர் அறிக்கை எழுத வேண்டும், அதைப் பார்த்து உங்களைத் தொடர்ந்து அடைத்து வைப்பதா என்று ஹோம் ஒஃபிஸ் மறுபடி யோசிக்க வேண்டும். விடுதலை நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். அரசு ஆட்கள் செய்தால்தான் சித்திரவதை என்று குறுக்கிய விளக்கம் சட்டவிரோதம் என 2017இல் லண்டன் மேல் நீதிமன்றம் சொன்ன பிறகு, கடத்தல்காரர், குடும்பத்தார் செய்ததையும் அங்கே சொல்ல வழி திறந்தது.

முதல் இரவில், பயணக் களைப்பில், முன்பின் தெரியாத ஆணிடம் யார் வாய் திறப்பார்கள்? அன்று "ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருந்தாலும் பிறகு மறுபடி கேட்டுப் போகலாம். உங்களைப் பெண் மருத்துவரே பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அந்த விதிகளிலேயே எழுதியிருக்கிறது. ரூல் 35 அறிக்கை முழுமையான மருத்துவ-சட்ட அறிக்கைக்கு ஈடாகாது. முகாம்களுக்குத் தன்னார்வ மருத்துவர்களை அனுப்பும் மெடிக்கல் ஜஸ்டிஸ் என்ற அமைப்பைப் பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். கர்ப்பிணி என்றால் உடனே சொல்லிவிடுங்கள்: 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அமைச்சரின் அனுமதியோடு கூட ஒரு வாரம்தான்.

வீட்டுக்காரருக்குத் தெரிய வருமா?

அறிக்கை உங்கள் சட்டத்தரணிக்குப் போகிறது. அதைக் கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் முடிவு. கணவரும் நீங்களும் ஒரே கோப்பில் தஞ்சம் கேட்டிருந்தால் மட்டும் கவனம்: உங்கள் பகுதியைத் தனியாக வைக்க வேண்டும், தனி வழக்காகவே போட முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். கடிதம் வீட்டு முகவரிக்கு வர வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். உங்கள் உயிருக்கோ பிள்ளைக்கோ ஆபத்து என்றால் மருத்துவர் மற்றவர்களுக்குத் தெரிவிக்க வேண்டி வரலாம், அதை அவரே தொடக்கத்தில் சொல்வார்.

வைத்தியத்துக்குக் காசு கேட்பார்களா?

தஞ்ச விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை இல்லை. ஜீபியில் பதிய அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. வரவேற்பு மேசையில் கேட்டு திருப்பி அனுப்பினால் மறுபடி போங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களிடம் இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வைத்தியத்துக்குப் பணம் கேட்கலாம், ஆனால் சித்திரவதை, பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை, பெண்ணுறுப்புச் சிதைப்பு ஆகியவற்றால் வந்த பாதிப்புக்கான வைத்தியத்துக்கு விலக்கு உண்டு. பில் வந்தால் பயந்து ஒளிக்காமல் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.

அறிக்கை வந்துவிட்டது. இனி?

கையெழுத்தாகிப் போவதற்கு முன் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முழுதும், ஒரு வரி விடாமல். களைப்பாக இருந்தால் இரண்டு நாளாக. உங்கள் வாக்குமூலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக மாதங்களைப் பாருங்கள். இலங்கையில் நாங்கள் ஆங்கில மாதத்துக்கே தமிழ்ப் பெயர் சொல்லிப் பழகியவர்கள். ஜனவரியைத் தை என்போம், ஒகஸ்டை ஆவணி என்போம். தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளருக்கு ஆவணி என்றால் ஒகஸ்ட் நடுவில் தொடங்கி செப்டெம்பர் நடுவில் முடிவது. அப்படி ஒரு அறிக்கையை வாசித்தபோது, கைது நடந்தது செப்டெம்பர் என்றும், காயத்துக்கு மருந்து கட்டியது ஒகஸ்ட் என்றும் இருந்தது. மருந்து கட்டிய பிறகு கைது. இரண்டு பேட்டி, இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், அந்தப் பெண் இரண்டு தடவையும் சொன்னது ஒரே சொல். மருத்துவர் இரண்டாம் பக்கத்தைத் திருத்தி அடிக்குறிப்புப் போட்டு மறுபடி கையெழுத்து வைத்தார். ஐந்து நிமிட வேலை.